வீட்டுப் பூனை இருக்க, இன்னொரு பூனை வரும்போது

1947-இல் பரோடா மகாராணியின் அன்பளிப்பாகத் திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு ஒரு வெள்ளை மயில் வந்தது. ரமணரின் அடியவர் சூரி நாகம்மா தம் அண்ணனுக்கு எழுதிய கடிதங்களில் அதைப் பதிவு செய்திருக்கிறார். மயிலைப் பார்த்ததும் ரமணர் கவலைப்பட்டாராம். ஏற்கெனவே இங்கே மயில்கள் இருக்கின்றன, இது வேறு நிறமாக இருப்பதால் அவை சண்டைக்கு வரலாம், பூனைகளிடமிருந்தும் இதைக் காப்பாற்றியாக வேண்டும், பேசாமல் திருப்பி அனுப்பிவிடலாமே என்பது அவருடைய யோசனை. கடைசியில் மயில் ஆசிரமத்திலேயே தங்கிவிட்டது. ஆனால் வந்த பிராணியின் அழகைப் பார்க்கும் முன்பே, இருக்கிற பிராணிகள் இதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று அவர் நினைத்தார் அல்லவா? இரண்டாவது பூனையை வீட்டுக்குக் கொண்டுவர நினைக்கும் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

திருவண்ணாமலையில் இந்தக் கேள்வி பங்குனி வெயில் ஏறும்போது அதிகமாக வரும். கார்த்திகை தொடங்கி மாசி வரை ரமண நகரிலும் செங்கம் சாலையை ஒட்டிய தெருக்களிலும் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கும் வெளியூர், வெளிநாட்டு அன்பர்களில் சிலர், வாசலுக்கு வரும் குட்டிக்குப் பால் வைப்பார்கள். குட்டி வளர்ந்து மடியில் தூங்கப் பழகியிருக்கும். வெயில் ஏறியதும் ஊருக்குக் கிளம்புவார்கள். பக்கத்து வீட்டில் வந்து, “இதைப் பார்த்துக்கொள்ள முடியுமா?” என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்கும். பாவம் பார்த்துச் சரி என்று சொல்லிவிடுவார்கள். அன்று மாலையே புதுப்பூனை கூடத்தில் இறக்கிவிடப்படும். அடுத்த நிமிடம் அலமாரிக்குப் பின்னால் ஒன்று, மாடிச் சுவரைத் தாண்டி ஓடிப்போனது மற்றொன்று.

“ரெண்டு நாள் அடிச்சுக்கும்மா, அப்புறம் தானா ஒண்ணாயிடும்” என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். இதை நம்பாதீர்கள். நாய்களில் சில சமயம் அப்படி நடக்கலாம். பூனைகளில் முதல் நாள் சண்டை பல மாதப் பகையாக நீளும். வேகமாகச் சேர்த்துவைத்துக் கெட்டுப்போன உறவைச் சரிசெய்ய, மெதுவாகச் சேர்ப்பதற்கு ஆகும் காலத்தைவிட அதிகக் காலம் பிடிக்கும்.

காரணம் பூனையின் பரம்பரையிலேயே இருக்கிறது. நம் வீட்டுப் பூனையின் மூதாதை, ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் காட்டுப்பூனை. அது தனியாக வேட்டையாடித் தனியாகத் தின்னும். எலி ஒரு வயிற்றுக்குத்தான் போதும், பகிர்ந்து தின்ன அதில் எதுவும் இல்லை. அதனால் தன் எல்லையை யாரோடும் பங்கிடாமல் காப்பது அதற்குப் பிழைப்புக்கான வழி. உணவு தாராளமாகக் கிடைக்கும் இடங்களில், மீன் சந்தை ஓரத்திலோ உணவகத்தின் பின்புறத்திலோ, பூனைகள் கூட்டமாக வாழ்வதைப் பார்க்கிறோம். கவனித்துப் பார்த்தால் அவை பெரும்பாலும் தாய், மகள், அக்கா, தங்கை என்று ஒரே வம்சத்துப் பெட்டைகள். அந்தக் கூட்டமும் புதிதாக வரும் பூனையைச் சுலபத்தில் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே உங்கள் பூனை சீறினால் அதைப் பொறாமை என்றோ கெட்ட குணம் என்றோ நினைக்க வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவர் தன் வீட்டுக்குள் வந்து நிற்கிறார், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

யார் தன்னவர், யார் அந்நியர் என்பதைப் பூனை முதலில் மூக்கால் முடிவு செய்கிறது. கன்னத்திலும் தாடையிலும் நெற்றியிலும் மணம் சுரக்கும் சுரப்பிகள் இருக்கின்றன. கதவு நிலை, நாற்காலிக் கால், உங்கள் முழங்கால் என்று எல்லாவற்றிலும் அது கன்னத்தைத் தேய்ப்பது தன் மணத்தைப் பூசிவைக்கத்தான். கூடி வாழும் பூனைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு எல்லோருக்கும் பொதுவான ஒரு மணத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. அந்த மணம் இருப்பவர் வீட்டு ஆள், இல்லாதவர் வெளியாள். இரண்டு பூனைகளைச் சேர்ப்பது என்பது, இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதற்கு முன்பே அந்தப் பொது மணத்தை நாம் உண்டாக்கிக் கொடுப்பது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாவற்றுக்கும் வழி தெரிந்துவிடும்.

எந்தப் பூனையைக் கொண்டுவருவது என்று முடிவு செய்யும் வாய்ப்பு உங்களுக்கு இருந்தால், வீட்டுப் பூனையின் வயதையும் துடிப்பையும் பாருங்கள். ஒரு வயதுப் பூனைக்கு விளையாட்டில் விருப்பமுள்ள இன்னொரு இளம் பூனை பொருந்தும். பத்து வயது தாண்டி, நாளெல்லாம் தூங்கி, மூட்டு வலியோ சிறுநீரகக் கோளாறோ இருக்கும் பூனைக்குத் துணை வேண்டும் என்று ஒரு குட்டியைக் கொண்டுவந்து விடுவது கொடுமை என்றே நான் நினைக்கிறேன். குட்டி நாள் முழுக்க அதன் வால்மேல் பாயும். துணை வேண்டும் என்பது பெரும்பாலும் நம் ஆசை, பூனையின் ஆசை அன்று. கருத்தடை செய்யாத இரண்டு கடுவன்களை ஒரே வீட்டில் வைக்க முயலவே வேண்டாம். கடுவனுக்குக் கருத்தடை செய்த பிறகும் பழைய வேகம் அடங்கச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், அறுவை முடிந்து அந்த இடைவெளி கழிந்த பிறகு அறிமுகத்தைத் தொடங்குவது நல்லது. பெட்டைக்கும் சுமார் ஐந்தாறு மாதத்தில் கருத்தடை செய்துவிடுங்கள். நம் ஊரில் பகல் வெளிச்சம் ஆண்டு முழுக்கப் பெரிதாக மாறாததால், குளிர்நாட்டுப் பூனைகளைப் போல் இங்கே குட்டி போடுவதற்கு ஓய்வுப் பருவம் கிடையாது. சினைக்காலமும் ஏறத்தாழ ஒன்பது வாரம்தான். ஊரில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். தெரு விலங்குகளுக்குச் சிகிச்சையும் கருத்தடையும் செய்துவரும் அருணாசலா விலங்குகள் சரணாலயமும் இங்கேயே இருக்கிறது.

வீட்டுக்குள் நுழைவதற்கு முன் ஒரு மருத்துவப் பரிசோதனை அவசியம். காதில் பூச்சி, உடம்பில் தெள்ளுப்பூச்சி, தோலில் படர்தாமரை, குடலில் புழு: தெருவில் வளர்ந்த பூனையிடம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாவது இருக்கும். படர்தாமரை நமக்கும் ஒட்டும். தெள்ளுப்பூச்சிக்கு நாய்களுக்காக விற்கும் மருந்தை வாங்கிப் போட்டுவிடாதீர்கள், அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். காய்ச்சல் அடிக்கிறது என்று பாரசிட்டமால் கொடுத்தால் ஒரே மாத்திரை பூனையின் உயிரைப் பறித்துவிடும். குட்டியாக இருந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் போட வேண்டிய கூட்டுத் தடுப்பூசியையும், மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசியையும் தொடங்கிவிடுங்கள். வசதி இருந்தால் பூனை ரத்தப்புற்று வைரஸுக்கும் பூனை எய்ட்ஸ் வைரஸுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யலாம். இங்கே முடியாவிட்டால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். முன்பு வீட்டில் ஒரு குட்டி திடீரென்று வாந்தி பேதியில் இறந்திருந்தால் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பன்லூகோபீனியா எனப்படும் அந்தக் கொடிய நோயின் வைரஸ் வீட்டின் மூலைமுடுக்குகளில் ஓராண்டு வரைகூடத் தங்கியிருக்கும். தடுப்பூசி போடாத பூனையை அந்த வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

இந்த நோய் பெரும்பாலும் தொற்றிய பத்து நாளுக்குள் வெளியே தெரிந்துவிடும். ஆகவே புதுப்பூனையை இரண்டு வாரம் தனி அறையில் வைப்பது எப்படியும் தேவை. அதே இரண்டு வாரத்தை அறிமுகத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது வீட்டுப் பூனை எங்கே தூங்குகிறதோ அந்த அறையைப் பறித்துக் கொடுக்காதீர்கள். அது குறைவாகப் போகும் அறையாக இருக்கட்டும். உள்ளே ஒரு மூலையில் மணல் தொட்டி, எதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும், நடுவில் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிக்கு இரண்டு பக்கம் வாசல் வெட்டுங்கள், ஒரே வாசல் இருந்தால் பூனைக்கு மாட்டிக்கொண்ட பயம் வரும். ஏறி உட்கார ஸ்டூலோ அலமாரியின் மேல்தட்டோ இருந்தால் இன்னும் நல்லது. நம் வெயிலில் மூடிய அறை அடுப்பாகிவிடும். ஓட்டு வீட்டின் மேலறையிலும் தகரம் போட்ட மாடி அறையிலும் சித்திரை, வைகாசியில் எந்தப் பிராணியையும் பூட்டிவைக்கக் கூடாது. மின்விசிறி ஓட வேண்டும், கரண்டு போனாலும் காற்று வரும் ஜன்னல் இருக்க வேண்டும். அந்த ஜன்னலில் கம்பி போதாது, வலையும் வேண்டும். இந்த ஊர்க் குரங்குகள் கம்பிக்குள் கையை விட்டுத் துழாவும் என்பதை ரமண நகர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தனி அறைக்கு எங்கே போவது என்பவர்கள் உண்டு. மாட வீதியை ஒட்டிய சந்துகளில் ஒரு கூடமும் ஒரு சமையலறையுமாகவே பல வீடுகள். அவர்கள் நாய்க்கு விற்கும் பெரிய மடக்குக் கூண்டு ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ, மூன்று பக்கமும் பழைய புடவையால் மூடி, கூடத்தின் அமைதியான மூலையில் வைக்கலாம். கூண்டு தரையில் இருக்கக் கூடாது, பலகைமேல் இருக்கட்டும். உயரத்தில் இருக்கும் பூனைக்குப் பயம் குறையும். குளியலறையில் அடைப்பது எனக்குச் சம்மதமில்லை. ஈரத் தரையும் சோப்பு வாடையும் பூனைக்கு ஒத்துவராது, வீட்டில் ஒவ்வொருவரும் கதவைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார்கள்.

கொண்டுவரும்போது சாக்குப் பையில் கட்டிக்கொண்டு வராதீர்கள். மூடியுள்ள கூடையில், அது படுத்துப் பழகிய துணியோடு கொண்டுவாருங்கள். நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கூடையைத் திறந்து வையுங்கள். அது தானாக வெளியே வரட்டும். சில பூனைகள் முதல் நாள் முழுக்கப் பெட்டியைவிட்டு வெளியே வராது. அதனால் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நாள் கடந்தும் சாப்பாட்டைத் தொடவில்லை என்றால் மருத்துவரைக் கேளுங்கள், ஏனென்றால் தொடர்ந்து பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதுவும் உடம்பு போட்ட பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

அடுத்த வேலை மணத்தைக் கைமாற்றுவது. இதற்கு அவசரப்படவே கூடாது. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து இரண்டு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டால் புதுப்பூனையின் கன்னத்தையும் தாடையையும் மெல்லத் தடவுங்கள், அதை வீட்டுப் பூனையின் சாப்பாட்டுத் தட்டுக்குச் சற்றுத் தள்ளித் தரையில் போடுங்கள். மற்றொரு துண்டால் வீட்டுப் பூனையைத் தடவி உள்ளே கொண்டுபோய் வையுங்கள். மூக்கின்மேல் கொண்டுபோய் வைக்க வேண்டாம். பூனை வந்து முகரும். வாயைப் பாதி திறந்து, மேலுதட்டைச் சுருக்கிக்கொண்டு ஏதோ நாற்றம் பட்டது போல நிற்கலாம். மேலண்ணத்தில் அதற்கு ஒரு தனி உறுப்பு இருக்கிறது, அதன் வழியே புதியவரைப் பற்றிய செய்தியைப் படித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். துணியைப் பார்த்துச் சீறினால் துணியை இன்னும் தள்ளிப் போடுங்கள். சாதாரணமாக முகர்ந்துவிட்டுப் போனாலோ, அதன்மேலேயே படுத்தாலோ அடுத்த நாள் துணியைத் தட்டின் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தலாம். சில நாள் போனதும் அதே துணியால் இரண்டையும் மாறி மாறித் தடவுங்கள். படுக்கையை மாற்றிப் போடுங்கள். பிறகு தினமும் ஒரு மணி நேரம், வீட்டுப் பூனையை வேறிடத்தில் வைத்துவிட்டுப் புதுப்பூனையைக் கூடத்தில் உலவ விடுங்கள். அந்த நேரத்தில் வீட்டுப் பூனை புதுப்பூனையின் அறையைச் சுற்றிப் பார்க்கட்டும். ஒன்றை ஒன்று பார்க்காமலே வீடு முழுக்க இரண்டு மணமும் கலந்துவிடும்.

நம் வீடுகளில் இந்த வேலை கெட்டுப்போவது ஃபினாயிலால். காலையில் வீட்டைத் துடைக்கும்போது பூனை பூசிவைத்த மணமெல்லாம் போய்விடுகிறது. அதைவிடப் பெரிய கேடு, ஃபீனால் கலந்த கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சு. ஈரத் தரையில் நடந்த பாதத்தை அது நக்கும், அதன் கல்லீரலால் அந்தப் பொருளைச் சரிவர வெளியேற்ற முடியாது. ரசகற்பூர உருண்டைகளும் அப்படியே ஆபத்தானவை. பூனை இருக்கும் வீட்டில் வெறும் தண்ணீரோ கொஞ்சம் சோப்புத் தண்ணீரோ போட்டுத் துடைத்தால் போதும். இந்தச் சில வாரங்களுக்குக் கதவு நிலையிலும் மேசைக் காலிலும் பூனையின் உயரத்தில் தெரியும் லேசான அழுக்குக் கறையைத் தேய்த்துக் கழுவாதீர்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதானால் இரண்டு பூனைகளும் இருக்கும் அறைகளின் கதவைச் சாத்திவிட்டுப் போடுங்கள்.

மணம் பழகிய பிறகு கதவுக்கு இரண்டு பக்கமும் சாப்பாடு. கதவு சாத்தியே இருக்கும். இரண்டு தட்டும் முதலில் கதவிலிருந்து நாலைந்து அடி தள்ளி. இரண்டும் நிம்மதியாகச் சாப்பிட்டால் நாளுக்கு நாள் நெருக்கமாக. எதிர்ப்பக்கம் ஆள் இருக்கிறது என்று தெரிந்தும் வயிறு நிறைகிறது, கெட்டது எதுவும் நடக்கவில்லை: இந்த அனுபவம் திரும்பத் திரும்பக் கிடைக்க வேண்டும். அதற்குச் சாப்பாடு பூனைக்குப் பிடித்ததாக இருக்க வேண்டுமே. ஆசிரமத்தைச் சுற்றி சைவக் குடும்பங்கள் நிறைய. தயிர்சாதமும் பாலும் மட்டும் வைத்தால் பூனைக்குப் போதாது. மாமிசத்திலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காத பூனைக்குக் கண்பார்வையும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே வயிற்றுப்போக்கைத் தரும். வீட்டில் மீன் ஆக்காதவர்கள் கடையில் விற்கும் பூனைத் தீவனத்தையாவது வாங்கி வையுங்கள். நாய்த் தீவனம் ஆகாது.

பார்வை அதற்குப் பிறகுதான். இந்தக் கட்டத்துக்கு நம் ஊர் வீடுகளில் உள்ள கொசுவலைக் கதவைப் போல வசதியான பொருள் வேறில்லை. மரக்கதவைத் திறந்துவிட்டு வலைக்கதவை மட்டும் சாத்தி, அதன்மேல் ஒரு துணியைத் தொங்கவிடுங்கள். இரண்டும் சாப்பிடும்போது துணியை ஒரு சாண் உயர்த்துங்கள். மறுமுறை கொஞ்சம் கூடுதலாக. நைலான் வலையாக இருந்தால் நகம் பட்டுக் கிழியும், கீழ்ப்பாதியில் கம்பி வலையோ பலகையோ வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே உட்கார்ந்து, கயிற்றில் கட்டிய கோழி இறகை ஆட்டி விளையாட்டுக் காட்டலாம். குழந்தைகள் இருந்தால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவையுங்கள்: புதுப்பூனையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய பூனையின் முகத்துக்கு நேரே காட்டக் கூடாது. தூக்கப்பட்ட பூனைக்கு ஓட வழியில்லை, அது முதலில் கிழிப்பது தூக்கியவரின் கையைத்தான்.

எப்போது அடுத்த படிக்குப் போகலாம் என்பதைப் பூனையின் உடம்பு சொல்லும். வால் நேராக மேலே நிற்கிறது, கண்களை மெதுவாக மூடித் திறக்கிறது, எதிரே இருப்பதைப் பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்கு உடம்பை நக்கிக்கொள்கிறது, முதுகைக் காட்டிப் படுக்கிறது என்றால் நல்லது. இமை கொட்டாமல் வெறித்துப் பார்ப்பது, காதைப் பின்னால் படிய வைப்பது, வாலைச் சாட்டையாக அடிப்பது, அடிவயிற்றிலிருந்து உறுமுவது என்றால் உடனே ஒரு படி பின்னால் போங்கள். ஒருமுறை சீறிவிட்டு விலகிப்போனால் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தள்ளி நில் என்று சொல்லும் மொழி அது. சண்டையைத் தவிர்க்கத்தான் அப்படிச் சொல்கிறது. சீறியதற்காக அதட்டினால், எதிராளி வந்தாலே எனக்குத் திட்டு விழுகிறது என்றுதான் பூனை கற்றுக்கொள்ளும்.

நேர்ச் சந்திப்பு முதலில் ஐந்து நிமிடம். குட்டியாக இருந்தால் முன்கூட்டியே விளையாட வைத்துக் களைக்கச் செய்துவிட்டுக் கொண்டுவாருங்கள். கூடத்தில் இரண்டுக்கும் ஓடி ஒளிய வழி இருக்கட்டும், தட்டுகள் எதிரெதிர் மூலையில் இருக்கட்டும். நன்றாகப் போகும்போதே முடித்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்ற ஆசையில்தான் பல வீடுகளில் காரியம் கெடுகிறது. கையெட்டும் தூரத்தில் ஒரு முறமோ சுருட்டிய கோரைப்பாயோ வைத்துக்கொள்ளுங்கள். முறைத்துக்கொண்டு நின்றால் இரண்டுக்கும் நடுவே முறத்தை நுழைத்துப் பார்வையை மறைத்தாலே பெரும்பாலும் ஒன்று விலகிவிடும். சண்டை மூண்டுவிட்டால் கையை நடுவில் விடவே கூடாது. பூனையின் பல் ஊசி போல ஆழமாக இறங்கிக் கிருமியை உள்ளே விட்டு மூடிவிடும். கடித்தாலோ ரத்தம் வரக் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். சண்டையில் பூனைக்குப் பட்ட காயமும் மேலே ஆறினாற்போல் இருந்து சில நாளில் சீழ்கட்டும், தடவிப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

குட்டி என்றால் இதெல்லாம் இரண்டு மூன்று வாரத்தில் முடியலாம். இரண்டும் வளர்ந்த பூனைகள் என்றால் இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். இரண்டில் எது மெதுவாகப் பழகுகிறதோ அதன் வேகம்தான் கணக்கு. கார்த்திகை தீப நாட்களிலும் தீபாவளி வாரத்திலும் புதிய படி எதையும் தொடங்காதீர்கள். வெடிச் சத்தத்துக்கும் விருந்தாளிகளுக்கும் நடுவே பூனை எதைக் கண்டு பயந்தது என்று அதற்கே தெரியாது, எதிரே நிற்கும் பூனையின்மேல் பழி விழும். பௌர்ணமி இரவும் கிரிவலப் பாதையோர வீடுகளுக்கு அப்படித்தான்.

பயம் இப்படி இடம் மாறி விழுவது பலருக்குத் தெரியாத காரணம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒன்றாகப் பழகிய பூனைகள் ஒருநாள் திடீரென்று அடித்துக்கொள்கின்றன, காரணமே இல்லை என்று சொல்வார்கள். விசாரித்தால் அன்று காலை மதிற்சுவரில் ஒரு தெருக் கடுவன் வந்து உட்கார்ந்திருக்கும், அல்லது குரங்குக் கூட்டம் மாடியில் இறங்கியிருக்கும். ஜன்னல் வழியே பார்த்து வெறியேறிய பூனையால் வெளியே இருப்பதை எட்ட முடியாது. பக்கத்தில் இருந்த துணைப் பூனைமேல் பாய்ந்துவிடும். அந்தக் கொந்தளிப்பு அடங்கச் சில மணி நேரம் பிடிக்கலாம், ஒரு நாளும் ஆகலாம். சமாதானம் செய்யத் தூக்காதீர்கள். ஆளுக்கோர் இருட்டறையில் விட்டுவிடுங்கள். பழகும் வாரங்களில் மதிலைப் பார்க்கும் ஜன்னலின் கீழ்ப்பாதியை அட்டையோ துணியோ வைத்து மறைத்துவிடுவது நல்ல முன்னேற்பாடு. தெருப் பூனைக்குச் சோறு வைப்பவராக இருந்தால் அதை வாசலில் வைக்காமல் தெருமுனைக்கு மாற்றுங்கள்.

2024-இல் அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கம், ஒரே வீட்டில் வாழும் பூனைகளுக்கிடையிலான இறுக்கம் பற்றித் தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. சத்தமில்லாத பகையை வீட்டுக்காரர்கள் கவனிப்பதில்லை என்பது அதில் அழுத்தமாக இருக்கிறது. ஒரு பூனை நடைவழியில் சும்மா படுத்திருக்கும். அந்த வழியே மணல் தொட்டிக்குப் போக வேண்டிய மற்றது திரும்பிப் போய்விடும். அடிதடி இல்லை, ஆனால் இரண்டு நாளில் மெத்தைமேல் சிறுநீர் இருக்கும், நாம் அந்தப் பூனையைத் திட்டுவோம். தீர்வு எளிது: எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கி, தள்ளித் தள்ளி வையுங்கள். இரண்டு பூனைக்கு மூன்று மணல் தொட்டி என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. சின்ன வீட்டில் குறைந்தது இரண்டு இருக்கட்டும், ஆனால் பக்கம் பக்கமாக வைத்தால் பூனையின் பார்வையில் அது ஒன்றுதான். கடையில் விற்கும் விலையுயர்ந்த மணல் தேவையில்லை, அகலமான பிளாஸ்டிக் பேசினில் சலித்த ஆற்று மணல் போதும், தினமும் அள்ளிவிட வேண்டும். தண்ணீரும் இரண்டு இடத்தில். தட்டுகள் ஒன்றையொன்று பார்க்காத இடத்தில். சுவரில் இரண்டு பலகை அடித்துக் கொடுத்தால், தரையில் நெருக்கமான வீடும் பூனைக்குப் பெரிதாகிவிடும்.

பழகும் இந்தக் காலத்தில் கடுவன் ஏதாவது மணல் தொட்டியில் போய்ப் போய் முக்கி, சிறுநீர் வராமல் கத்தினால், மலச்சிக்கல் என்று நினைத்து வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மன அழுத்தத்தில் சிறுநீர்ப்பை அழற்சி வருவதும், ஆண் பூனையின் குறுகிய சிறுநீர்க்குழாய் அடைபடுவதும் நடக்கும். இரண்டு நாள் விட்டால் உயிர் போய்விடும். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

புதுப்பூனையை வெளியே விடுவதானால் குறைந்தது ஒரு மாதம் கழித்து விடுங்கள். பழைய வீடு இரண்டு தெரு தள்ளித்தான் என்றால் அது அங்கேயே போய்ப் பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்துவிடும். பசி வேளைக்குச் சற்று முன் திறந்துவிட்டு, தட்டைத் தட்டிக் கூப்பிட்டு உள்ளே வரப் பழக்குங்கள். கருத்தடைக்கோ சிகிச்சைக்கோ இரண்டில் ஒன்றை மட்டும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் வந்தால், அன்றிரவு மறுபடி தனி அறையில் வையுங்கள். மருந்து வாடையோடு வரும் துணைப் பூனையை வீட்டில் இருந்த பூனை அந்நியராக நினைத்து அடிக்கும். வீட்டுத் துணியால் துடைத்துவிட்டு, மறுநாள் கதவுக்கு இரண்டு பக்கமும் ஒரு வேளைச் சாப்பாடு போட்டுவிட்டுச் சேர்த்துவையுங்கள்.

எல்லாம் செய்தும் ஒட்டாத ஜோடிகள் உண்டு. ஒன்று மாடியிலும் ஒன்று கீழேயுமாக, சமையலறை வாசலில் மட்டும் பார்த்துக்கொண்டு வாழ்ந்தால் அதுவே போதும். கட்டிப்பிடித்துத் தூங்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் மாதங்கள் கடந்தும் ஒன்று ஒளிந்தே வாழ்கிறது, உடம்பு இளைக்கிறது, முடியை நக்கி நக்கி உதிர்க்கிறது என்றால் அதற்கு வேறு வீடு பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊருக்குக் கிளம்பும் அன்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு. விமானம் ஏறும் முதல்நாள் மாலை பூனையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் நிற்காதீர்கள். ஒரு மாதம் முன்பே கேட்டு, நீங்கள் ஊரில் இருக்கும்போதே துணி மாற்றும் வேலையை இரண்டு வீட்டுக்கும் இடையே தொடங்கிவிடலாம். கருத்தடையும் தடுப்பூசியும் உங்கள் செலவில் முடிந்திருக்கட்டும். ஒப்படைக்கும்போது அது தூங்கிய துணியைத் துவைக்காமல் கொடுங்கள். அதன் மணல் தொட்டியையும், பழகிய தீவனத்தில் இரண்டு வாரத்துக்கான அளவையும், எந்தச் சத்தம் கொடுத்தால் அது வரும் என்ற விவரத்தையும், தேதி போட்ட தடுப்பூசி அட்டையையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.